மூன்று குண்டும் பத்துக் குண்டும்



வேலை முடிந்து வந்து, குளித்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், பெரியவர்களுக்கும், பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காதை இந்தப் பக்கம் திருப்பியிருக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன். "தோட்டப் பள்ளி வாத்தியாருக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு?" என்று நீங்கள் கேட்கலாம். சுடுவது எப்படி என்று சொல்லித் தருவதற்காக நான் வரவில்லை. ஒரு துப்பாக்கி சரியாகச் சுடுகிறதா இல்லையா என்பதை எப்படிச் சோதித்து அறிகிறார்கள் என்பதே இன்றைய பேச்சு. அந்தச் சோதனைக்குள் நம் வீட்டுக்கும் பள்ளிக்கும் வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். காட்டோரத்திலோ கால்வாய் ஓரத்திலோ பழைய தோட்டா ஒன்று கிடந்தால் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். நான் இப்போது விவரிக்கும் சோதனைகள் எல்லாம் உரிமம் பெற்ற சுடுதளத்தில், பயிற்சி பெற்றவர்களின் கண்காணிப்பில் நடப்பவை.

இனி பொருளுக்கு வருவோம்.

நம் தோட்டத்துப் பெரியவர்கள் சிலருக்கு அவசரகாலம் நினைவிருக்கும். 1948 முதல் 1960 வரை நீடித்த காலம் அது. தோட்டங்களைக் காக்கச் சிறப்புக் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். முள்வேலிக்கு உள்ளே மக்களைக் குடியேற்றினார்கள். அந்தக் காலத்தில் இந்நாட்டில் பரவலாகக் காணப்பட்ட துப்பாக்கி 'லீ என்ஃபீல்டு' என்னும் பிரிட்டிஷ் துப்பாக்கி. அதன் தோட்டாவை '303' என்பார்கள். அந்தத் தோட்டா ஏறத்தாழ 78 மில்லிமீட்டர் நீளம். அதிலிருந்து பறக்கும் குண்டின் எடை 11 கிராமுக்குச் சற்று அதிகம். குழலை விட்டுப் புறப்படும்போது அது விநாடிக்கு ஏறத்தாழ 740 மீட்டர் வேகத்தில் போகும். சுடுபவனின் தோளைப் பலமாக உதைக்கும்.

புதிதாகச் சுடப் பழகுகிறவன் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? சத்தத்துக்கும் உதைக்கும் பயந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். தோட்டாவின் விலையும் அதிகம். குண்டு வெகு தூரம் போகும் என்பதால் பெரிய திடலும் வேண்டும். ஆகவே, பழகுவதற்குச் சிறிய தோட்டா ஒன்று வேண்டும் என்று அந்நாளிலேயே நினைத்தார்கள். ஆனால் பழகுகிறவன் கையில் இருப்பது அதே துப்பாக்கியாக இருக்க வேண்டும். அதே எடை, அதே பிடி, அதே குறிக்கண்ணாடி, அதே விசை. உள்ளே போகும் தோட்டா மட்டும் சிறியது. பெரிய துப்பாக்கியில் சிறிய தோட்டாவைச் சுடச் செய்யும் இந்த ஏற்பாட்டைத்தான் மாற்றமைப்பு என்கிறோம்.

அந்தச் சிறிய தோட்டா எது? 'டுவென்டி டூ' என்று சொல்லப்படும் தோட்டாதான். 1887இல் அமெரிக்காவில் வெளிவந்த 'லாங் ரைபிள்' என்னும் வகையே இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதன் மொத்த நீளம் 25 மில்லிமீட்டர். அதாவது நம் சுண்டு விரலின் நுனிக் கணுவளவு. குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று அதிகம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர்.

இரண்டு தோட்டாக்களுக்கும் அளவில் மட்டுமா வேற்றுமை? இல்லை. பற்றவைக்கும் முறையிலும் வேற்றுமை உண்டு. தோட்டாவின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே மனத்தில் ஒரு வட்டத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தோட்டாவில் பற்றும் மருந்து அந்தத் தட்டின் நடுவில் சிறு கிண்ணம் போன்ற ஒன்றில் இருக்கும். துப்பாக்கியின் ஊசி நடுவில் குத்தினால் அது வெடிக்கும். இதை நடுத் தோட்டா என்று வைத்துக்கொள்வோம். சிறிய தோட்டாவில் பற்றும் மருந்து தட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளே சுற்றிலும் பரவியிருக்கும். ஊசி விளிம்பில் குத்தினால்தான் வெடிக்கும். இதை விளிம்புத் தோட்டா என்போம். ஆங்கிலத்தில் 'ரிம்ஃபயர்' என்பது இதைத்தான்.

ஆகவே மாற்றமைப்பில் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, பெரிய குழலுக்குள் சிறிய குண்டுக்கு ஏற்ற வழி வேண்டும். இரண்டு, நடுவில் குத்தும் ஊசி விளிம்பில் குத்தும்படி மாற வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படையில் 'மாரிஸ் குழாய்' என்ற ஒன்று இருந்தது. பெரிய குழலுக்குள் நுழைத்து வைக்கும் மெல்லிய குழாய் அது. அதன் சிறிய தோட்டா நடுத் தோட்டாவாகவே இருந்தது. பிறகு 'டுவென்டி டூ' விளிம்புத் தோட்டா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் உலகப் போர்க் காலத்தில், தேய்ந்துபோன பழைய குழல்களை உள்ளே துளைத்து, அவற்றுக்குள் சிறிய குழாயைப் பொருத்திப் பயிற்சித் துப்பாக்கிகளாக்கும் முறை பரவியது. ஒரு வகையில் தோட்டாப் பெட்டியின் உள்பாகத்தை எடுத்துவிட்டு வெறும் கூடாக விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும். சுட்ட பின் வெற்றுக்கூடு அந்தப் பெட்டிக்குள் விழும். பழையதை எறியாமல் புதிதாக்கிக்கொள்ளும் நம் தோட்டத்துப் பட்டறை வேலை போன்றதுதான் இதுவும்.

பின்னாளில் வந்த 'எம் சிக்ஸ்டீன்' துப்பாக்கிக்கும் இத்தகைய மாற்றமைப்பு செய்தார்கள். 1980களில் அமெரிக்கப் படை அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. இதில் குழலை மாற்றவில்லை. துப்பாக்கியின் பின்னால் உள்ள பூட்டுப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். அந்தத் துப்பாக்கியின் சொந்தக் குண்டும் ஏறத்தாழ 'டுவென்டி டூ' குண்டின் பருமனே என்பதால் அது முடிந்தது.

இப்போது கேள்வி வருகிறது. இப்படி மாற்றிய துப்பாக்கி குறி தவறாமல் சுடுமா?

சந்தேகப்படக் காரணங்கள் உண்டு. துப்பாக்கிக் குழலின் உள்ளே திருகாணி மரை போலச் சுருள் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குண்டு அவற்றில் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியே வரும். பம்பரம் சுழன்றால் நிற்பது போல, குண்டு சுழன்றால்தான் தடுமாறாமல் போகும். 'டுவென்டி டூ' குண்டுக்கு வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய 'எம் சிக்ஸ்டீன்' குழலிலோ 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பின்னர் வந்ததில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சிறிய மெல்லிய ஈயக் குண்டுக்கு இது வேண்டியதைவிட அதிகச் சுழற்சி. மேலும், தோட்டா தங்கும் அறை பெரிய தோட்டாவுக்காக வெட்டப்பட்டது. ஆகவே சிறிய குண்டு புறப்பட்டு, சிறிது தூரம் தாவிப் போய்த்தான் சுருள் பள்ளத்தைப் பிடிக்கிறது. தாவும்போது சற்றுக் கோணலாக நுழைந்தால் வெளியே வரும்போதும் கோணல்தான்.

குழலுக்குள் தனிக் குழாய் வைத்த பழைய முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் குழாய் இறுக்கமாக நிற்க வேண்டும். மயிரிழை அளவு ஆடினாலும் குண்டுகள் இடம் மாறி விழும்.

இவை எல்லாம் காரணங்கள். காரணம் சொல்வது எளிது. உண்மை என்ன என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். எப்படிச் சுட்டுப் பார்ப்பது? இங்கேதான் நான் கற்ற பாடம் வருகிறது.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது சீருடை இயக்கம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் எங்களைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். பயிற்றுநர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மாற்றமைத்த பழைய துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். "இது நல்ல துப்பாக்கியா, கெட்ட துப்பாக்கியா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

என் வகுப்பு நண்பர் ஒருவர் தரையில் படுத்து, மணல் மூட்டைமேல் துப்பாக்கியை ஊன்றி, 25 மீட்டர் தூரத்தில் இருந்த தாளை நோக்கி மூன்று குண்டு சுட்டார். தாளை எடுத்து வந்தோம். மூன்று ஓட்டைகளையும் ஒரு 20 சென் நாணயத்தால் மூடிவிடலாம்! நாங்கள் கைதட்டினோம். "நல்ல துப்பாக்கி, ஐயா" என்று ஒரே குரலாகச் சொன்னோம்.

பயிற்றுநர் சிரிக்கவில்லை. "இன்னும் ஏழு" என்றார்.

நண்பர் அதே தாளில் இன்னும் ஏழு சுட்டார். தாள் வந்தது. நாணயம் போதவில்லை. பத்து ஓட்டைகளை மூட ஒரு தீப்பெட்டி தேவைப்பட்டது. அதிலும் ஒரு குண்டு தீப்பெட்டிக்கு வெளியே தனியாக நின்றது.

"துப்பாக்கி கெட்டுப்போய்விட்டதா, ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"துப்பாக்கி அப்படியேதான் இருக்கிறது. முதலில் நீங்கள் அவசரப்பட்டீர்கள். இப்போதுதான் அதைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள்" என்றார்.

நேயர்களே, அந்தச் சொல் என் மனத்தில் நின்றுவிட்டது. அதன் பின்னால் உள்ள கணக்கைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. ஒரு நடுப்புள்ளியைச் சுற்றிச் சிதறி விழுகின்றன. ஓட்டைகளில் ஒன்றுக்கொன்று மிகத் தூரமாக உள்ள இரண்டை எடுத்து, அவற்றின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். அதைச் சிதறல் அகலம் என்று சொல்வோம். ஒரு துப்பாக்கியில் ஐந்து குண்டுகளின் சிதறல் அகலம் சராசரியாக 30 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதே துப்பாக்கியில் மூன்று குண்டு மட்டும் சுட்டால் சராசரி 24 மில்லிமீட்டர்தான் வரும். பத்துக் குண்டு சுட்டால் 37 மில்லிமீட்டர் வரும். துப்பாக்கி மாறவில்லை, குண்டும் மாறவில்லை. குறைவாகப் பார்த்தால் குறை குறைவாகத் தெரியும். அவ்வளவுதான். மூன்று குண்டு சுட்டு நிறுத்திக்கொள்கிறவர், தம்மை அறியாமலே துப்பாக்கிக்குச் சாதகமாகப் பேசுகிறார்.

ஆகவே முறையான சோதனை எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, கையின் நடுக்கத்தைத் துப்பாக்கியின் குறையாகக் கொள்ளக்கூடாது. ஆகவே மணல் மூட்டைமேல் ஊன்றி, ஒரே ஆள், ஒரே முறையில் சுட வேண்டும்.

இரண்டாவது, ஒரே பெட்டித் தோட்டாவாக இருக்க வேண்டும். விளிம்புத் தோட்டாக்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். ஒரு துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காது. வேறு வகைத் தோட்டாவைச் சோதிக்க விரும்பினால், கணக்கில் சேர்க்காமல் முதலில் சில குண்டுகளைச் சுட்டுவிட வேண்டும். ஏனென்றால் முந்திய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலுக்குள் ஒட்டியிருக்கும். புதிய பூச்சு படிந்த பின்னரே கணக்கைத் தொடங்குவார்கள்.

மூன்றாவது, ஒரு தொகுப்பு போதாது. ஐந்து ஐந்தாகப் பல தொகுப்புகள், அல்லது பத்துப் பத்தாகச் சில தொகுப்புகள் சுட்டு, எல்லாவற்றின் சராசரியையும் எடுக்க வேண்டும்.

நான்காவது, ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். மாற்றமைத்த துப்பாக்கியின் பக்கத்தில், தொடக்கத்திலிருந்தே 'டுவென்டி டூ' தோட்டாவுக்காகச் செய்த துப்பாக்கி ஒன்றை வைத்து, அதே ஆள், அதே தோட்டா, அதே நாளில் சுட வேண்டும். அதுவும் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் சுட்டால், மாலைக் காற்றும் சுடுபவரின் களைப்பும் இரண்டாவது துப்பாக்கியின் தலையில் விழும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் கடினம். தனியாக வெளியே போய் விழுந்த குண்டை மறைக்கக்கூடாது. "அது என் கை ஆடியதால் போனது, அதை விட்டுவிட்டு அளப்போம்" என்று சொல்ல எல்லோருக்கும் ஆசை வரும். சுடுவதற்கு முன்பே "இது கணக்கில் இல்லை" என்று சொன்னால் சரி. விழுந்த இடத்தைப் பார்த்த பிறகு சொன்னால் அது சோதனை அன்று.

இன்னொரு செய்தி முக்கியமானது. குண்டுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுவது ஒரு குணம். அவை குறியின்மேல் விழுவது வேறொரு குணம். முதலாவதை நெருக்கம் என்றும், இரண்டாவதை நேர்மை என்றும் அழைப்போம். இரண்டும் ஒன்றல்ல.

இதற்கு ஒரு கணக்கு. குண்டு பறக்கும்போதே பூமி அதைக் கீழே இழுக்கிறது. 50 மீட்டர் தூரம் போவதற்குள் பெரிய '303' குண்டு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே இறங்கும். மெதுவாகப் போகும் 'டுவென்டி டூ' குண்டோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் இறங்கும். ஆகவே '303' தோட்டாவுக்கு ஏற்றபடி வைத்திருந்த குறிக்கண்ணாடியை மாற்றாமல் சிறிய தோட்டாவைச் சுட்டால், பத்துக் குண்டும் குறிக்கு வெகுவாகக் கீழே விழும். ஆனால் பத்தும் ஒன்றாக, நெருக்கமாக விழுந்திருக்கலாம். அதைப் பார்த்து "இந்த மாற்றமைப்பு உதவாது" என்று சொல்லலாமா? கூடாது. நெருக்கமாக இருக்கிறது, நேர்மையில்தான் தவறு. குறிக்கண்ணாடியைச் சற்று உயர்த்தினால் போதும். எல்லாம் குறியில் வந்து விழும்.

மாறாக, குண்டுகள் மேலும் கீழும் இடமும் வலமும் சிதறி, சராசரி மட்டும் குறியின் நடுவில் இருந்தால்? குறிக்கண்ணாடியைத் திருகிப் பயனில்லை. துப்பாக்கியைத் திறந்து எங்கே ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். குழாய் தளர்ந்திருக்கலாம்; தோட்டா பொருந்தாமல் இருக்கலாம்; குழலுக்குள் ஈயம் படிந்திருக்கலாம்.

ஒரே பக்கமாகத் தவறும் தவறு, திருத்த எளிய தவறு. இதை மட்டும் நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

பயிற்றுநரின் அந்தத் துப்பாக்கி கடைசியில் நல்லதா கெட்டதா என்று கேட்பீர்கள். அன்று மாலைக்குள் ஐம்பது குண்டுகளைச் சுட்டுத் தாள்களை வரிசையாக ஒட்டி வைத்தோம். அவர் சொன்னார்: "பந்தயத்துக்குப் போதாது. பழகுவதற்குத் தாராளமாகப் போதும்." அதுதான் சரியான தீர்ப்பு. ஒரு பொருள் நல்லதா என்று கேட்டால் போதாது. எதற்கு நல்லது என்று கேட்க வேண்டும். 50 மீட்டர் பந்தயத்தில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் தங்கம் வென்றது இத்தகைய 50 மீட்டர்ப் போட்டியில்தான். அதற்கென்றே செய்த துப்பாக்கியும், தேர்ந்தெடுத்த தோட்டாவும் அதற்கு வேண்டும். பயிற்சிக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

தாய்மார்களே, பெரியவர்களே, இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம்.

பால் வெட்டும் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொட்டகையில் பாலை நிறுத்த பிறகு, அதில் சிறிது எடுத்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழை பெய்த அன்று மங்கில் நீர் சேர்ந்திருக்கும், கணக்கு இறங்கிவிடும். அந்த ஒருநாள் கணக்கைக் காட்டி, "உன் நிரையில் உள்ள மரமெல்லாம் தண்ணீர் மரம்" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? "மாதம் முழுவதும் பாருங்கள், ஐயா" என்றுதானே சொல்வீர்கள்? சரியாகவே சொல்வீர்கள். மரத்துக்காக அப்படிப் பேசுகிற நாம், பிள்ளைக்காகப் பேசுகிறோமா?

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். பத்தாண்டுகளுக்கு முன் என் வகுப்பில், ஆறாம் ஆண்டில், ஒரு பையன் இருந்தான். அமைதியான பையன். கணிதச் சோதனை ஒன்றில் நூற்றுக்குப் பதினெட்டுப் புள்ளி வாங்கினான். அந்த வாரமே பெற்றோர் கூட்டம். அவன் தாயார் வேலை உடையோடே வந்திருந்தார். நான் அந்தத் தாளைக் காட்டி, "இவனுக்குக் கணக்கு வராதம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டு இறுதியில் புள்ளிகளைப் பதிவேட்டில் சேர்க்கும்போது அவன் பெயருக்கு நேராக இருந்த பத்துச் சோதனைகளையும் ஒன்றாகப் பார்த்தேன். அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து என்று ஏறத்தாழ ஒரே அளவில் ஒன்பது. நடுவே ஒரே ஒரு பதினெட்டு. பயிற்றுநரின் தாள் என் கண்முன் வந்து நின்றது. பத்துக் குண்டில் தனியாகப் போய் விழுந்த ஒன்றை எடுத்து, "துப்பாக்கியே இதுதான்" என்று சொல்லியிருந்தேன். விசாரித்தபோது தெரிந்தது: அந்தச் சோதனைக்கு முந்திய இரவு அவன் தந்தையை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பையன் இரவெல்லாம் தங்கையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தான்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாயாரிடம் பதிவேட்டைக் காட்டி, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னதும், இனி படிக்க வெச்சு என்ன பண்றதுன்னு டவுன்ல என் தம்பி டயர் கடையில விடறதா பேசி முடிச்சிட்டேனே, சார்."

நேயர்களே, ஒரு தாளைப் பார்த்து நான் சொன்ன மூன்று சொற்கள் ஒரு பிள்ளையின் பள்ளிப் படிப்பையே நிறுத்த இருந்தன. நல்லவேளை, தாயார் தம் தம்பியிடம் பேசினார். பையன் இடைநிலைப் பள்ளிக்குப் போனான். பிறகு தொழிற்பயிற்சியும் பெற்றான். இப்போது ஓர் இயந்திரப் பட்டறையில் வேலை பார்க்கிறான். அளவு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கணக்குப் பார்க்கும் வேலை அது.

அந்தப் பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தது. முதலில் சொன்னேனே, ஒரே பக்கமாகத் தவறும் தவறு திருத்த எளியது என்று? அவனுடைய பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். அவன் இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி ஒரே இடத்தில் போயிருந்தது. கழித்தலில் பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்கியபின், அந்த இலக்கத்தை ஒன்று குறைக்க மறந்துவிடுவான். எல்லாத் தாளிலும் அதே தவறு. இது சிதறல் அன்று. குறிக்கண்ணாடி சற்றுத் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் அதை மட்டும் பயிற்சி கொடுத்தேன். திருந்தியது. ஆறு ஆண்டுகளாக அதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. புள்ளியைத்தான் பார்த்தோம், எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளை ஒரு சோதனையில் குறைவான புள்ளி வாங்கி வந்தால் அடிக்கவும் வேண்டாம். முடிவு கட்டவும் வேண்டாம். ஒரு சோதனையில் தொண்ணூறு வாங்கினால், அதை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். பழைய தாள்களை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் இதைச் செய்யலாம். சிவப்பு மையில் குறித்திருப்பது தெரியுமல்லவா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். "வாத்தியாரே, இவன் எங்கே தவறுகிறான்? ஒரே இடத்திலா, பல இடத்திலா?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல எங்களுக்குக் கடமை உண்டு.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு சோதனை. இதற்குத் துப்பாக்கி வேண்டாம். பத்து ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்கள் சிறு கூழாங்கற்களை எடுத்துக்கொள்ளலாம். மண்ணில் ஒரு புள்ளி வையுங்கள். ஐந்து அடி தள்ளி நின்று மூன்று கொட்டைகளைப் புள்ளியை நோக்கி மெல்ல எறியுங்கள். மிகத் தூரமாக உள்ள இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நூலால் அளந்து முடிச்சுப் போடுங்கள். பிறகு மீதி ஏழையும் எறிந்து, பத்துக்கும் சேர்த்து மீண்டும் அளந்து பாருங்கள். நூல் எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். கொட்டைகளின் நடு இடம் புள்ளிக்கு எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்றும் பாருங்கள். எப்போதும் வலப்பக்கமே விழுந்தால் உங்கள் கை எப்போதும் வலப்பக்கம் இழுக்கிறது என்று பொருள். சற்று இடப்பக்கம் நோக்கி எறியுங்கள்; சரியாகிவிடும். எந்த ஒரு கொட்டையையும் "இது கணக்கில் இல்லை" என்று எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் தம்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, யாரும் பார்க்காவிட்டாலும் சரி.

மூன்று குண்டு சுட்டுவிட்டுக் கைதட்டுவது எளிது. இன்னும் ஏழு சுட்டுப் பார்க்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைத் துப்பாக்கிக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் நாம் அதைக் காட்டுவோம்.